பனையேறிக் கெண்டையும் கூகுள் போட்டோஸும்

தரங்கம்பாடி போய் வந்தவர்கள் எல்லோரிடமும் ஒரே படம் இருக்கும். பின்னால் டேனிஷ் கோட்டை, பக்கத்தில் கடல், நடுவில் கூலிங்கிளாஸ் போட்ட நண்பர் பட்டாளம். எந்த வருடம் போனது என்று கேட்டால் மட்டும் "செகண்ட் இயரா, தேர்ட் இயரா?" என்று ஒரு சண்டை நடக்கும். போனில் கூகுள் போட்டோஸைத் திறந்தால் தேதி, நேரம், ஊர் எல்லாம் சரியாக இருக்கும். அதே படங்களை மொத்தமாக இறக்கி ஹார்ட் டிஸ்கில் போட்டுப் பாருங்கள். பல படங்கள் இறக்கிய அன்றைக்கே எடுத்தவை மாதிரி வரிசையில் நிற்கும்!

இதற்கு வழி இருக்கிறது, கடைசியில் வருகிறது. அதற்கு முன்னால் கொஞ்சம் சரித்திரம். பொருள் ஒரு பக்கமும், அதைப் பற்றிய குறிப்பு இன்னொரு பக்கமும் போய்ச் சேரும் இந்த விபத்து கம்ப்யூட்டரோடு வந்ததல்ல. எங்கெல்லாம் ஒரு பொருள் இடம் மாறுகிறதோ அங்கெல்லாம் நடந்திருக்கிறது. அதைப் பார்க்க தரங்கம்பாடியைவிட நல்ல ஊர் தமிழ்நாட்டில் கிடைப்பது கஷ்டம். ஏனென்றால் அந்த ஊரின் பிழைப்பே ஏற்றுமதிதான்.

1620-ல் தஞ்சை இரகுநாத நாயக்கர் டேனிஷ்காரர்களுக்கு இந்தக் கடற்கரை ஊரைக் கொடுத்தார். 1845-ல் அவர்கள் தரங்கம்பாடியையும் வங்காளத்து சேராம்பூரையும் சேர்த்து பன்னிரண்டரை லட்ச ரூபாய்க்கு ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டுக் கிளம்பினார்கள். நடுவில் 225 வருடம். மிளகும் துணியும் போனது எல்லோருக்கும் தெரியும். அவற்றோடு கூடவே கடிதங்கள், செடிகள், கிளிஞ்சல்கள், சாராயத்தில் ஊறப்போட்ட மீன்கள் என்று என்னென்னவோ கப்பலேறின. அந்த மீன்களிலிருந்தே தொடங்கலாம்.

பெர்லினில் மார்கஸ் எலியேசர் ப்ளாக் என்று ஒரு மருத்துவர் இருந்தார். மீன் பைத்தியம். 1782 முதல் 1795 வரை 432 வண்ணப் படத் தகடுகளோடு பன்னிரண்டு பாகங்களில் உலக மீன்களைப் பற்றிப் புத்தகம் போட்டவர். ஆனால் இந்தியாவை எட்டிக்கூடப் பார்த்ததில்லை. உலகத்தின் பல மூலைகளிலிருந்து ஆட்கள் அனுப்பிவைக்க, இவர் உட்கார்ந்த இடத்திலிருந்து வரைந்து, பெயர் வைத்தார். தரங்கம்பாடியிலிருந்து அப்படி அனுப்பியவர் கிறிஸ்டோப் சாமுவேல் ஜான் என்ற பாதிரியார். அதற்கு நன்றியாக ப்ளாக் ஒரு மீன் இனத்துக்கு 'ஜானியஸ்' என்று பெயர் வைத்தார். நம் கடற்கரையில் கத்தாளை என்று விற்கிறார்களே, அந்த வகைதான்.

இந்த ப்ளாக் 1792-ல் இன்னொரு மீனுக்கும் பெயர் வைத்தார். இன்று விஞ்ஞானிகள் அதை 'அனபாஸ் டெஸ்டுடினியஸ்' என்கிறார்கள். டெல்டாக்காரர்களுக்கு அது பனையேறிக் கெண்டை. வாய்க்கால், குளம், தண்ணீர் நிற்கும் நெல்வயல் எல்லாவற்றிலும் இருக்கும். தண்ணீரை விட்டு வெளியே எடுத்தாலும் சட்டென்று சாகாது, செவுள் மூடியை ஊன்றி ஊன்றித் தரையில் நகரும். அந்த மீன் எந்த ஊர்க்காரன் என்று ப்ளாக்கின் புத்தகத்தில் போட்டிருப்பது என்ன தெரியுமா? ஜப்பான்!

ஜப்பானில் அந்த மீன் இயற்கையாகக் கிடையாது. இந்தியாவிலிருந்து தென்கிழக்கு ஆசியா வரை பரவியிருக்கும் மீன் அது. மீன் பெர்லினுக்குப் பத்திரமாகப் போய்ச் சேர்ந்துவிட்டது, செதில்கூடக் கெடவில்லை. அதன் ஊர் மட்டும் வழியில் எங்கோ மாறிவிட்டது.

இதே சமயத்தில் தரங்கம்பாடியில் டால்டார்ஃப் என்று ஒரு டேனிஷ் கம்பெனி லெப்டினன்ட் இருந்தார். 1791 நவம்பரில், ஒரு குளத்தங்கரைப் பனைமரத்தில், தண்ணீர் மட்டத்துக்கு ஐந்தடி உயரத்தில் இந்த மீன் ஏறிக்கொண்டிருந்ததைப் பார்த்ததாக அவர் எழுதினார். லண்டன் லின்னேயன் சங்கம் அதை 1797-ல் வெளியிட்டது. மீன் உண்மையில் பனை ஏறுமா, பறவை கவ்விக்கொண்டு போய்ப் போட்டதா என்பது தனி விவாதம். பின்னால் வந்த பலர் டால்டார்ஃபை நம்பவில்லை. அதுவல்ல இங்கே முக்கியம். அவர் கொடுத்த விவரங்களைப் பாருங்கள். எந்த மாதம், எந்த ஊர், எந்த மரம், எத்தனை அடி. அவரை நம்பாதவர்கள்கூட அந்த விவரங்களை வைத்துத்தான் வாதாட முடிந்தது. "ஜப்பான்" என்ற ஒற்றைச் சொல்லை வைத்து என்ன வாதாடுவது?

இதில் ஒரு வயிற்றெரிச்சலும் உண்டு. விலங்கியலில் முதலில் வைத்த பெயருக்குத்தான் மரியாதை. ப்ளாக் 1792, டால்டார்ஃப் 1797. அதனால் டால்டார்ஃப் வைத்த 'ஏறுகிற' என்று பொருள்படும் பெயர் பட்டியலின் அடியில் போய்விட்டது. ஆமையை நினைவுபடுத்தும் ப்ளாக்கின் பெயர் நிலைத்துவிட்டது. சரியான விலாசம் தோற்று, தப்பான விலாசம் ஜெயித்த கதை!

காமர்ஸ் படிப்பவர்களுக்கு இதைப் புரியவைப்பது சுலபம். ஜர்னல் என்ட்ரி போட்டால் அடியில் 'நரேஷன்' எழுதவேண்டும். தொகை சரி, பற்று வரவு சரி, ஆனால் எதற்காக என்று ஒரு வரி இல்லையென்றால் வருடக் கடைசியில் ஆடிட்டர் கேட்கும்போது திருதிருவென்று முழிக்கவேண்டியதுதான். படத்துக்கும் அப்படி ஒரு நரேஷன் உண்டு. எடுத்த தேதி, நேரம், இடம், கேமரா, யார் யார் இருக்கிறார்கள். இதைத்தான் மெட்டாடேட்டா என்கிறார்கள். பெயர் பயமுறுத்தினாலும் விஷயம் நரேஷன்தான்.

அந்த நரேஷனை வைக்க இரண்டே இடங்கள்தான். பொருளுக்குள்ளேயே எழுதலாம். அல்லது தனியாக ஒரு சீட்டில் எழுதலாம். இரண்டுக்கும் தரங்கம்பாடியில் உதாரணம் இருக்கிறது.

1706 ஜூலையில் பார்த்தலோமேயு சீகன்பால்கு தரங்கம்பாடியில் இறங்கினார். வந்த இரண்டு வருடத்துக்குள் தமிழ் ஓலைச்சுவடிகளைச் சேர்க்க ஆரம்பித்துவிட்டார். தன்னிடம் வேலை செய்த எழுத்தர்களை உள்நாட்டு ஊர்களுக்கு அனுப்பி, படித்தவர் இறந்துபோன வீடுகளில், அவர்களுடைய விதவைகளிடமிருந்து சுவடிகளை வாங்கிவரச் செய்தார். 1708-ல் அதற்கெல்லாம் ஒரு பட்டியல் போட்டு ஜெர்மனியிலுள்ள ஹாலே நகரத்துக்கு அனுப்பினார். அப்போது அவருக்கு வயது 26. இன்று அந்தப் பட்டியலை 'பிப்ளியோதேகா மலபாரிகா' என்கிறார்கள். கிறிஸ்தவ நூல்களும் இஸ்லாமிய நூல்களும் தனித்தனிப் பிரிவாகப் போக, மற்ற தமிழ் நூல்கள் மட்டும் 119. திருக்குறள் இருக்கிறது, சிவவாக்கியம் இருக்கிறது. வெறும் பெயர்ப் பட்டியல் இல்லை. நூலில் என்ன இருக்கிறது, யார் எழுதியதாகச் சொல்கிறார்கள், மக்கள் அதை எதற்குப் படிக்கிறார்கள் என்று ஒவ்வொன்றுக்கும் குறிப்பு.

இப்போது அந்தச் சுவடித் தொகுப்பு அவர் வைத்திருந்தபடி எங்கும் இல்லை. பட்டியல் இருக்கிறது! ஹாலேவுக்குப் போனது ஒன்று. இன்னொரு பிரதி லண்டனில், இன்றைய பிரிட்டிஷ் நூலகத்தின் ஸ்லோன் தொகுப்பில் இருக்கிறது. 2012-ல் வில் ஸ்வீட்மனும் ஆர். இலக்குவனும் சேர்ந்து இதை முழுதாக ஆராய்ந்து புதுச்சேரியிலிருந்து புத்தகமாகக் கொண்டுவந்தார்கள். 1708-ல் காவிரிக் கரையில் ஒரு சாதாரணத் தமிழ் வீட்டில் என்ன படித்தார்கள் என்று இன்று சொல்ல முடிகிறது என்றால், சீகன்பால்கு எழுதிவைத்த நரேஷன்தான் காரணம். சுவடி போய், சீட்டு மட்டும் மிஞ்சிய அபூர்வமான கேஸ் இது.

பெரும்பாலும் நடப்பது இதற்கு நேர்மாறு. அதற்கும் உதாரணம் அதே ஆளிடம் இருக்கிறது. உண்மையில் இதுதான் மனதை உறுத்தும் உதாரணம்.

1712-லிருந்து 1714 வரை சீகன்பால்குவும் அவருடைய சகா கிரண்ட்லரும் தமிழர்களிடம் கேள்விகள் கேட்டுக் கடிதம் எழுதினார்கள். உங்கள் கடவுள் யார், கல்யாணம் எப்படி நடக்கிறது, வைத்தியம் எப்படி, எங்களைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள் என்றெல்லாம். பதில்கள் வந்தன. அவற்றை ஜெர்மனில் மொழிபெயர்த்து ஹாலேவுக்கு அனுப்ப, அங்கே 1714-லும் 1717-லும் அச்சானது. மொத்தம் 99 கடிதங்கள். 'மலபார் கடிதப் போக்குவரத்து' என்று பெயர். முந்நூறு வருடத்துக்கு முந்தைய தமிழர்கள், ராஜாவுமில்லை கவியுமில்லை, ஒரு வெளிநாட்டுக்காரனுக்குத் தங்கள் வாழ்க்கையைத் தாங்களே விளக்கிச் சொன்ன கடிதங்கள். இதைவிடப் பொக்கிஷம் என்ன வேண்டும்?

ஆனால் எழுதியவர்களின் பெயர் அச்சில் இல்லை. தமிழ் மூலங்களும் கிடைக்கவில்லை. 99 பதில்கள், ஒன்றின் அடியிலும் கையெழுத்து இல்லை. சீகன்பால்குவிடம் மொழிபெயர்ப்பாளராக இருந்த அழகப்பன் (ஜெர்மன்காரர்கள் வாயில் 'அலெப்பா') நிறையக் கடிதங்களை எழுதியிருக்கலாம் என்று ஆராய்ச்சியாளர்கள் சந்தேகப்படுகிறார்கள். சந்தேகம்தான். இவை பல பேருடைய குரலா, ஒரே ஆள் பல குரலில் பேசியதா என்ற கேள்விக்குப் பதிலைப் பொறுத்து அந்தக் கடிதங்களின் அர்த்தமே மாறிவிடும். ஒரு பெயர், ஓர் ஊர், ஒரு தேதி. மூன்றே சொற்கள் விஷயத்தைத் தீர்த்திருக்கும்.

ஹாலேக்காரர்கள் கெட்டவர்கள் என்று சொல்வதற்கில்லை. அவர்கள் 1710 முதல் 1772 வரை தரங்கம்பாடி அறிக்கைகளை வரிசையாக அச்சிட்டார்கள். அச்சிடும்போது வெட்டவும் செய்தார்கள். காசு கொடுத்து வாங்கிப் படிக்கும் ஜெர்மானிய பக்தருக்கு எது வேண்டுமோ அதை வைத்துக்கொண்டு, உள்ளூர்ச் சண்டை சச்சரவுகளைக் குறைத்தார்கள். தங்களுக்குத் தேவைப்படாத விவரத்தை விட்டுவிட்டார்கள், அவ்வளவுதான். மூட்டை கட்டுகிறவருக்கு எது வேண்டாமோ அதுதான் வழியில் தொலையும். நூறு வருடம் கழித்து வருகிறவருக்கு என்ன வேண்டியிருக்கும் என்று மூட்டை கட்டுகிறவர் யோசிப்பதில்லை.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். பெயரை மறைத்ததில் ஒரு நியாயமும் இருந்திருக்கலாம். பாதிரியாருக்கு எழுதினான் என்று ஊரில் தெரிந்தால் அந்த மனிதனின் பாடு என்ன? இன்றைக்கும் இதே பிரச்சினை உண்டு. வீட்டு வாசலில் எடுத்த படத்தில் அட்சரேகை தீர்க்கரேகை எல்லாம் இருக்கும். அதை அப்படியே ஊருக்கெல்லாம் அனுப்பினால் வீட்டுக்கு வழிகாட்டிப் பலகை வைத்த மாதிரி. வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் இந்த விவரங்களை அது நீக்கிவிடுகிறது. டாக்குமென்டாக அனுப்பினால் அப்படியே போகிறது. வெளியே போகும் பிரதியில் நீக்குவது நல்லதுதான். வீட்டில் வைத்துக்கொள்ளும் பிரதியிலும் நீக்கிவிட்டால்தான் ஆபத்து. ஹாலேக்காரர்களைக் குறை சொல்வதென்றால், அச்சில் பெயரை விட்டதற்காக இல்லை, தமிழ் மூலம் எங்கும் மிஞ்சாமல் போனதற்காகச் சொல்லலாம்.

சீட்டில் எழுதினால் இப்படி. பொருளுக்குள்ளேயே எழுதினால்?

ஓலைச்சுவடி எழுதியவர்கள் கெட்டிக்காரர்கள். பிரதி எடுத்து முடித்ததும் கடைசி ஏட்டில் வருஷம், மாசம், தேதி, கிழமை, நட்சத்திரம், எழுதியவர் பெயர், ஊர் என்று போட்டு முடிப்பார்கள். சுவடி எங்கே போனாலும் குறிப்பும் கூடவே போகும். ஒரே ஒரு சிக்கல். வருஷத்தை அறுபது வருஷச் சக்கரத்தில் எழுதியிருப்பார்கள். பிரபவ என்றால் 1867-ல் தொடங்கியதா, 1927-ல் தொடங்கியதா, 1987-ல் தொடங்கியதா? கிழமையும் நட்சத்திரமும் கூட இருப்பதால்தான் கணக்குப் போட்டுக் கண்டுபிடிக்க முடிகிறது. ஒரு விவரம் தடுமாறும்போது இன்னொன்று கை கொடுக்கிறது. இந்த விஷயம் பின்னால் மறுபடி வரும்.

போட்டோ வந்தபோது கேமராவுக்குள் எழுத இடமில்லை. எல்லோரும் பின்பக்கம் பென்சிலால் எழுதினார்கள். ஸ்டுடியோக்காரர் அட்டையில் முத்திரை குத்தினார். தாத்தா பாட்டி படங்களை இப்போது ஸ்கேன் செய்கிறவர்கள் கவனிக்கவேண்டிய இடம் இது. ஸ்கேனர் முன்பக்கத்தை மட்டும்தான் பார்க்கும். "சின்னத்தம்பி கல்யாணம், பொறையார்" என்று பின்னால் எழுதியது அட்டையோடு போய்விடும். அடுத்த தலைமுறைக்கு 'யாரோ ஒரு மாப்பிள்ளை' படம் மட்டும் கிடைக்கும். பின்பக்கத்தையும் ஒரு ஸ்கேன் எடுத்துவைப்பது ஒரு நிமிட வேலை.

1914-ல் கோடக் கம்பெனி இதற்கு ஒரு தீர்வு கண்டுபிடித்தது. கேமராவின் பின்னால் ஒரு சின்னக் கதவு. படம் எடுத்ததும் அதைத் திறந்து ஓர் ஊசியால் தேதியையும் ஊரையும் எழுதினால், அது படங்களுக்கு நடுவில் பிலிமிலேயே பதிந்துவிடும். இதைக் கண்டுபிடித்தவருக்கு ஈஸ்ட்மன் மூன்று லட்சம் டாலர் கொடுத்தார். அன்றைய மூன்று லட்சம்! மக்கள் அதை அவ்வளவாகப் பயன்படுத்தவில்லை. பின்னால் கோடக் அதை விட்டுவிட்டது. சுற்றுலா போன இடத்தில் நின்று எழுதுவதற்கு யாருக்குப் பொறுமை?

மனிதனுக்குப் பொறுமை இல்லை, மிஷினே எழுதட்டும் என்று முடிவானது டிஜிட்டல் கேமரா காலத்தில். 1995-ல் 'எக்ஸிஃப்' என்ற ஏற்பாட்டைக் கொண்டுவந்தார்கள். படக் கோப்பின் தலைப்பகுதியிலேயே தேதி, நேரம், லென்ஸ், பின்னால் இடம் எல்லாம் கேமராவே எழுதிவிடும். கொண்டுவந்தது எந்த நாட்டு மின்னணுத் தொழில் சங்கம் தெரியுமா? ஜப்பான்! பனையேறிக் கெண்டைக்குத் தப்பான விலாசமாக நின்ற அதே ஜப்பான்தான் படங்களுக்கு சரியான விலாசம் எழுதும் வழியைக் கொடுத்தது. :-)

ஆக, சுவடியின் கடைசி ஏடு போல, குறிப்பு மறுபடியும் பொருளுக்குள்ளேயே வந்துவிட்டது. பிரச்சினை தீர்ந்திருக்கவேண்டும். தீரவில்லை. ஏனென்றால் அதற்குப் பிறகு படங்கள் கேமராவில் தங்கவில்லை, வேறொருவர் வீட்டுக்குக் குடிபோயின.

ஆர்குட் ஞாபகம் இருக்கிறதா? அண்ணன் அக்காக்களைக் கேட்டுப் பாருங்கள். 2014 செப்டம்பரில் மூடினார்கள். ஆல்பங்களை எடுத்துக்கொள்ள 2016 செப்டம்பர் வரை அவகாசம் கொடுத்தார்கள். எடுக்காதவர்களின் கல்லூரிக் காலம் அதோடு சரி. பிகாசா 2016-ல் போனது. கூகுள் ப்ளஸ் 2019-ல் போனது. 2015-ல் வந்த கூகுள் போட்டோஸ் எத்தனை படம் வேண்டுமானாலும் சும்மா வைத்துக்கொள்ளலாம் என்றது. 2021 ஜூன் 1 முதல் அது நின்று, 15 ஜிபிக்கு மேல் காசு என்றானது. 2023 டிசம்பர் முதல், இரண்டு வருடம் தொடாத கணக்குகளை அழிக்கவும் ஆரம்பித்துவிட்டார்கள். வாடகை வீட்டில் இருந்தால் ஒருநாள் மூட்டை கட்டத்தான் வேண்டும்.

மூட்டை கட்ட கூகுள் கொடுக்கும் வழி 'டேக்அவுட்'. 2011-லிருந்து இருக்கிறது. நாணயமான ஏற்பாடுதான், எதையும் மறைப்பதில்லை. ஆனால் தருகிற விதம் இருக்கிறதே! ஒவ்வொரு படத்துக்கும் பக்கத்தில் 'ஜேசன்' என்று ஒரு சின்ன எழுத்துக் கோப்பு வரும். கேமரா எழுதிய எக்ஸிஃப் படத்துக்குள் அப்படியே இருக்கும். ஆனால் கூகுளுக்குள் போன பிறகு நீங்கள் திருத்திய தேதி, சேர்த்த இடம், எழுதிய விளக்கம், குறித்த முகங்களின் பெயர், இவை அந்த ஜேசனில்தான் இருக்கும். கேமரா எழுதியது உள்ளே, மனிதன் எழுதியது வெளியே. அதாவது மீன் ஒரு ஜாடியில், சீட்டு இன்னொரு ஜாடியில்!

ஸ்கேன் செய்த தாத்தா படத்துக்கு "1962, மாயவரம்" என்று நீங்களே போட்டது உள்ளே எங்கும் இருக்காது. வாட்ஸ்அப்பில் வந்த படத்துக்கு எக்ஸிஃப் தேதியே கிடையாது. இந்த மாதிரிப் படங்களுக்கு ஜேசனை விட்டால் வேறு சாட்சி இல்லை. பலர் செய்வது என்ன? "இதென்ன ஆயிரக்கணக்கில் குப்பை" என்று ஜேசன் கோப்புகளை மொத்தமாக அழித்துவிடுகிறார்கள். ஹாலே அச்சகத்தில் நடந்தது வீட்டுக்கு வீடு நடக்கிறது.

நேரத்திலும் ஒரு வம்பு உண்டு. 2004 டிசம்பர் 26 காலை இந்திய நேரம் 6:28-க்கு சுமத்ரா பக்கத்தில் பூமி நடுங்கியது. இரண்டு மணி நேரத்துக்கு மேல் கழித்து, நல்ல வெளிச்சத்தில், தரங்கம்பாடியிலும் அந்தக் கடற்கரை முழுக்கவும் அலை ஏறியது. அன்றைய நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் போனார்கள். அன்று காலை 9 மணிக்கு ஒருவர் எடுத்த படம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஜேசன் கோப்பு நேரத்தை கிரீன்விச் கணக்கில் எழுதும். அதனால் அதில் அதிகாலை 3:30 என்று இருக்கும். ஐந்தரை மணி நேரம் கூட்டத் தெரியாதவருக்கு அது அலை வருவதற்கு முன்னால், பூமி நடுங்குவதற்கும் முன்னால் எடுத்த படம்! கேமராக்களும் இதில் உதவவில்லை. எக்ஸிஃபில் எந்த நாட்டு நேரம் என்று குறிக்கும் இடமே 2016-ல்தான் சேர்ந்தது. அதுவரை மணி இருக்கும், எந்த ஊர் மணி என்று இருக்காது. அறுபது வருஷச் சக்கரத்தில் பிரபவ என்று மட்டும் எழுதிய மாதிரிதான். படத்தில் விழும் நிழலை வைத்தும், கூட எடுத்த மற்ற படங்களை வைத்தும் கணக்குப் போடவேண்டும். கிழமையும் நட்சத்திரமும் செய்த வேலையை இங்கே நிழல் செய்யும்.

இடத்தின் கதை இன்னும் வேடிக்கை. தரங்கம்பாடி 1991 வரை தஞ்சாவூர் மாவட்டம். பிறகு நாகப்பட்டினம். 2020 டிசம்பரிலிருந்து மயிலாடுதுறை. அதற்கும் முன்னால் போனால், ஊர்ப் பெயரையே ஐரோப்பியர்கள் 'ட்ராங்க்பார்' என்று எழுதினார்கள். "தஞ்சாவூர் மாவட்டம்" என்று குறிப்பெழுதிய படமும் "மயிலாடுதுறை மாவட்டம்" என்று எழுதிய படமும் ஒரே கோட்டைச் சுவராக இருக்கும். வடக்கே 11.03, கிழக்கே 79.85 என்ற எண்ணை எந்த அரசாணையும் மாற்ற முடியாது. எண்ணையும் வையுங்கள், பெயரையும் வையுங்கள். எண் மட்டும் இருந்தால் கம்ப்யூட்டருக்குப் புரியும், பேரனுக்குப் புரியாது.

சரி, இப்போது வேலைக்கு வருவோம். டேக்அவுட்டில் படங்களை மட்டும் தேர்ந்தெடுத்துக் கேட்டால் ஜிப் மூட்டைகளாக வரும். ஒரு மூட்டை 2 ஜிபி என்று வைத்தால் இருபது முப்பது மூட்டை ஆகிவிடும். படம் ஒரு மூட்டையிலும் அதன் ஜேசன் அடுத்த மூட்டையிலும் போய் விழுவது சகஜம். அதனால் 50 ஜிபி என்று பெரிதாகக் கேளுங்கள். எப்படி வந்தாலும் எல்லா ஜிப்பையும் ஒரே ஃபோல்டரில் அவிழ்த்த பிறகுதான் எதையும் தொடவேண்டும். படத்தின் பெயர் நீளமாக இருந்தால் ஜேசனின் பெயர் பாதியில் வெட்டுப்பட்டிருக்கும். ஒரே பெயரில் இரண்டு படம் இருந்தால் அடைப்புக்குறிக்குள் வரும் எண் படத்தில் ஓரிடத்திலும் ஜேசனில் வேறிடத்திலும் இருக்கும். கூகுளிலேயே எடிட் செய்த பிரதிக்குத் தனி ஜேசன் வருவதில்லை, மூலப் படத்தினுடையதைத்தான் பார்க்கவேண்டும். ஜோடி சேர்க்கும்போது பலர் தடுக்கி விழுவது இந்த மூன்று இடத்தில்தான்.

ஜோடி சேர்த்து, ஜேசனில் இருப்பதைப் படத்துக்குள்ளேயே எழுத 'எக்ஸிஃப்டூல்' என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. கனடாவின் பில் ஹார்வி 2003-லிருந்து தனியாளாக வளர்த்துவருவது. கறுப்புத் திரையில் கட்டளை அடிக்கவேண்டும். முதலில் கொஞ்சம் பயமாக இருக்கும். பத்துப் படத்தைத் தனி ஃபோல்டரில் போட்டு அதில் மட்டும் ஓட்டிப் பாருங்கள். அந்தப் பத்தில் ஒன்று ஸ்கேன் செய்த பழைய படமாகவும், ஒன்று வாட்ஸ்அப் படமாகவும், ஒன்று வீடியோவாகவும் இருக்கட்டும். மூன்றிலும் தேதி சரியாக விழுந்தால் மீதிக்குப் போகலாம். ஐந்தரை மணி நேரக் கணக்கையும் அங்கேயே சரிபார்த்துவிடுங்கள். எழுதி முடித்த பிறகும் ஜேசன்களை அழிக்காதீர்கள், எல்லாம் சேர்ந்து நூறு எம்பிகூட வராது. பிரதி ஒன்று இந்த ஹார்ட் டிஸ்கில், ஒன்று வேறொருவர் வீட்டில். சீகன்பால்குவின் பட்டியல் ஹாலேயிலும் இருந்தது, லண்டனிலும் இருந்தது.

ஐபோன்காரர்களுக்கு ஒரு வார்த்தை. மேக்கில் போட்டோஸ் செயலியிலிருந்து எடுக்கும்போது திருத்தாத மூலப் படத்தை ஏற்றுமதி செய்யும் வழி தனியாக இருக்கிறது. அங்கேயே விவரங்களைப் பக்கக் கோப்பாகச் சேர்க்கும் டிக் ஒன்று உண்டு. அதைப் போட மறக்கவேண்டாம்.

கடைசி வருட மாணவர்கள் இன்னொன்றைக் கவனிக்கவேண்டும். கல்லூரி கொடுத்த மெயில் கணக்கில் படங்களை ஏற்றியவர்கள் நிறையப் பேர். படிப்பு முடிந்ததும் பல கல்லூரிகள் அந்தக் கணக்கை மூடிவிடும், அதோடு படங்களும் போகும். தேர்வு முடிந்து டிசி வாங்கும் வரை காத்திருக்காமல் இப்போதே டேக்அவுட் கேட்டுவிடுங்கள். மூட்டை தயாராகச் சில மணி நேரமும் ஆகலாம், சில நாளும் ஆகலாம். தயாரானதும் மெயிலில் வரும் இணைப்பு சுமார் ஏழு நாள்தான் வேலை செய்யும். அதற்குள் இறக்கிவிடவேண்டும், ஹாஸ்டல் வைஃபையை நம்பிக் கடைசி நாளுக்கு வைக்கவேண்டாம்.